தனித்தயாரிப்பு எண்ணிம-ஒப்புமை மாற்றி

தனித்தயாரிப்பு எண்ணிம-ஒப்புமை மாற்றி என்பது, எண்களாகப் பதியப்பட்ட இசையை மிகைப்பிக்குத் தரத்தக்க மின்னலையாக மாற்றும் கருவிகளுள், பெருந்தொழிற்சாலையில் அன்றிச் சிறு தயாரிப்பாளராலோ ஆர்வலராலோ பயனரின் தேவைக்கேற்பக் கட்டப்படும் வகை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை டாக் எனவும் அழைப்பர். கணினி, குறுந்தட்டு இயக்கி, தொலைக்காட்சி, கைபேசி ஆகிய அனைத்தினுள்ளும் இத்தகைய மாற்றி ஒன்று உண்டு. அதனைத் தனிப்பெட்டியில் வெளியே அமைக்கும்போது அது வீட்டு ஒலியமைப்பின் ஓர் உறுப்பாகிறது.

இவ்வகை மாற்றியைத் தெரிவு செய்யும்போது பெரிதும் விவாதிக்கப்படுவது அதனுள் இருக்கும் சில்லின் பெயர் ஆகும். ஆயினும் காதுக்குப் புலப்படும் குறைகள் பெரும்பாலும் சில்லில் தோன்றுவதில்லை. மின்வழங்கி, நிலத்தொடுப்பு, வெளியீட்டுச் சுற்று ஆகியவற்றிலேயே தோன்றுகின்றன. எனவே குறைந்த செலவில் நல்ல மாற்றியைப் பெற விரும்புபவர் சில்லுக்கு முன்னதாக இவற்றை ஆராய்வது பயன் தரும்.

வகைகள்

தனித்தயாரிப்பு மாற்றிகள் மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன.

- பாகத்தொகுதி: அச்சிட்ட சுற்றுப்பலகையும் உதிரிப்பாகங்களும் வழங்கப்படும். பயனரே பற்றவைத்துக் கொள்ள வேண்டும்.
- முடிக்கப்பட்ட பலகை: பாகங்கள் பற்றவைக்கப்பட்ட நிலையில் பலகை மட்டும் வழங்கப்படும். பெட்டி, மின்வழங்கி, இணைப்பிகள் ஆகியவற்றைப் பயனர் சேர்த்துக்கொள்வார்.
- முழுக்கருவி: உள்ளீடுகள், வெளியீட்டு மின்னழுத்தம், மின்மாற்றி ஆகியன பயனரின் விருப்பப்படி அமைக்கப்பட்டுப் பெட்டியுடன் வழங்கப்படும்.

முதல் வகை விலை குறைந்தது. எனினும் இன்றைய சில்லுகளின் கால்கள் மிக நெருக்கமாக அமைந்தவை. சாதாரணப் பற்றுக்கோலால் அவற்றைப் பிழையின்றிப் பொருத்துவது புதியவருக்குக் கடினம். ஆதலால் செலவைக் குறைக்க விரும்புவோர் இரண்டாம் வகையையே பெரிதும் நாடுகின்றனர்.

வரலாறு

ஒலியை எண்களாக்கி அனுப்பும் துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றத்துக்குப் பிரித்தானியப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1938 இல் பிரான்சில் காப்புரிமை கோரினார். எத்தகைய வீதத்தில் மாதிரி எடுத்தால் மூல அலையை மீட்க இயலும் என்பதை ஹாரி நைக்குவிஸ்ட் 1928 இலும் கிளாட் சானன் 1949 இலும் வெளியிட்ட கட்டுரைகள் விளக்கின.

இத்தொழில்நுட்பம் வீடுகளுக்கு வந்தது குறுந்தட்டின் வழியே ஆகும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் சிடிபி-101 இயக்கி விற்பனைக்கு வந்தது. குறுந்தட்டின் தரம் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என வரையறுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் பிலிப்ஸ் நிறுவனத்திடம் இருந்தது 14 பிட் சில்லே ஆகும். அந்நிறுவனம் மாதிரி வீதத்தை நான்கு மடங்காக உயர்த்தும் முறையைக் கையாண்டு, அச்சில்லிலிருந்தே 16 பிட்டுக்கு நிகரான தரத்தைப் பெற்றது. சில்லின் பிட் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் தரத்தைக் கணிக்க இயலாது என்பதற்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு ஆகும்.

1980களின் பிற்பகுதியில் மாற்றிகள் தனிப்பெட்டிகளாக விற்பனைக்கு வரத் தொடங்கின. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் ரியோஹெய் குசுனோகி போன்றோர் மிகை மாதிரியெடுப்பு இல்லாத எளிய சுற்றுகளை முன்மொழிந்தனர். பழைய பிலிப்ஸ் சில்லுகளைக் கொண்ட இச்சுற்றுகளை உலகெங்கும் ஆர்வலர்கள் கட்டினர். தனித்தயாரிப்பு மாற்றிகள் பரவ இது ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது.

செயற்பாடு

ஒலிப்பதிவின்போது காற்றழுத்த மாற்றம் மின்னழுத்தமாக்கப்பட்டு, சீரான கால இடைவெளிகளில் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஓர் எண் ஆகும். மாற்றியின் பணி இவ்வெண்களை அதே கால ஒழுங்கில் மின்னழுத்தங்களாக மீட்டுத் தருவதாகும்.

மாதிரி வீதம், பதியப்பட வேண்டிய உயர் அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்சு வரை கேட்கும், ஆதலால் 44.1 கிலோஹெர்ட்சு வீதம் அதற்குப் போதுமானது. மாற்றியின் வெளியீடு படிக்கட்டு வடிவில் இருக்கும் என்பது பரவலான தவறான கருத்து ஆகும். சரியான வடிகட்டியைக் கடந்தபின் கிடைப்பது படிகளற்ற தொடரலையே ஆகும்.

பிட் எண்ணிக்கை இரைச்சலின் அளவை முடிவு செய்கிறது. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இயங்கு வீச்சைக் கூட்டும். கோட்பாட்டளவில் 16 பிட்டுக்கு 98 டெசிபெல்லும், 24 பிட்டுக்கு 146 டெசிபெல்லும் கிடைக்கும். ஆனால் 24 பிட் வீச்சை எந்தக் கருவியும் முழுமையாக எட்டுவதில்லை. 2 வோல்ட் வெளியீடுள்ள மாற்றியில் 24 பிட்டின் மிகச்சிறிய படி ஏறத்தாழ 0.34 மைக்ரோவோல்ட் ஆகும். அறை வெப்பநிலையில் உள்ள 1 கிலோஓம் மின்தடையம் ஒன்றே, கேட்கத்தக்க அதிர்வெண் பரப்பில் ஏறத்தாழ 0.6 மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சலைத் தோற்றுவிக்கிறது. ஆகவே மிகச்சிறந்த மாற்றிகளும் 20 அல்லது 21 பிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 32 பிட் என்று விளம்பரப்படுத்தப்படுவது சில்லினுள் நிகழும் கணக்கீட்டின் நுட்பத்தைக் குறிப்பதே அன்றி, வெளிவரும் ஒலியின் நுட்பத்தைக் குறிப்பதன்று.

மாற்றும் முறைகள்

ஏணி முறை

இம்முறையில் ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் அமைந்த மின்தடையங்கள் ஏணி போல் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிட்டும் ஒரு படியை இயக்கும். கருத்து எளிது, செயலாக்கம் அரிது. 16 பிட் ஏணியில் தலைமைப் பிட்டின் மதிப்பு 32,768 சிறுபடிகளுக்குச் சமம். அப்பிட்டுக்குரிய மின்தடையத்தில் 0.1 விழுக்காடு பிழை இருப்பின், வெளியீட்டில் ஏறத்தாழ 33 சிறுபடிகள் பிழை நேரும். பிழை அரைப்படிக்குள் அடங்க வேண்டுமாயின் மின்தடையம் 0.0015 விழுக்காட்டுக்குள் துல்லியமாக இருத்தல் வேண்டும். இசையின் மெல்லிய பகுதிகளில் அலை சுழியைக் கடக்கும்போதெல்லாம் தலைமைப் பிட் மாறுவதால், இப்பிழை அங்கேயே மிகுதியாக வெளிப்படும். எனவே மலிவான தனிமின்தடைய ஏணிகளின் அளவீடுகளைக் காணாமல் வாங்குவது இடர்மிக்கது ஆகும்.

டெல்ட்டா-சிக்மா முறை

1962 இல் ஜப்பானிய அறிஞர்களான இனோசே, யசுடா, முரகாமி ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்குப் பெயர் தந்தது. இதில் சில பிட்டுகளே கொண்ட மாற்றி மிக உயர்ந்த வேகத்தில் இயக்கப்படுகிறது. எழும் இரைச்சல் கேட்கும் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, பின்னர் வடிகட்டப்படுகிறது. துல்லியமான மின்தடையங்களை இது சார்ந்திருப்பதில்லை; ஆதலால் விலை குறைவு. இன்று உற்பத்தியாகும் ஒலிச்சில்லுகளில் பெரும்பாலானவை இவ்வகையின. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம்5102ஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 3.3 வோல்ட் மின்வழங்கலிலேயே 2.1 வோல்ட் வெளியீட்டைத் தரும் இச்சில்லின் குறிகை-இரைச்சல் விகிதம் 112 டெசிபெல் ஆகும். மென்பொருள் ஏதுமின்றி இது இயங்கும்.

மிகை மாதிரியெடுப்பு இல்லாத முறை

இதில் எண்ணிம வடிகட்டி நீக்கப்படுகிறது. இதனால் 20 கிலோஹெர்ட்சில் ஒலி ஏறத்தாழ 3.2 டெசிபெல் தாழ்கிறது. மேலும், கேட்கும் எல்லைக்கு அப்பால் பிம்ப அதிர்வெண்கள் தோன்றுகின்றன. எடுத்துக்காட்டாக, 1 கிலோஹெர்ட்சு ஒலிக்கு 43.1, 45.1 கிலோஹெர்ட்சுகளில் பிம்பங்கள் எழும். இம்முறையின் ஒலியை விரும்புவோர் உளர். அவ்விருப்பத்துக்கு உயர் அதிர்வெண்களின் தாழ்வு ஒரு காரணமாக இருக்கக்கூடும். எனினும் இதனைக் கூடுதல் துல்லியம் எனக் கொள்வது பொருந்தாது.

முதன்மை உறுப்புகள்

உள்ளீடு

யூ.எஸ்.பி, ஒருமைய வடம், ஒளியிழை ஆகிய மூன்றும் பொதுவான உள்ளீடுகள் ஆகும். யூ.எஸ்.பி ஒலித்தரத்தின் முதற்பதிப்பு 96 கிலோஹெர்ட்சு, 24 பிட் வரை போதுமானது. இரண்டாம் பதிப்பு 2006 இல் வெளியானது. விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்கான இயக்கநிரல் 2017 இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல் உள்ளமைந்துள்ளது. அதற்கு முன்னர் தயாரிப்பாளர் தரும் தனி இயக்கநிரல் தேவைப்பட்டது. சிறு தயாரிப்பாளர் தொழிலைக் கைவிட்டால், தனி இயக்கநிரலை நம்பியுள்ள கருவி அடுத்த இயங்குதள மாற்றத்தின்போது பயனற்றுப் போகலாம். ஆகவே பொதுத்தரத்தைப் பின்பற்றும் கருவியே நெடுநாள் பயன் தரும்.

ஒளியிழை இணைப்பைத் தோஷிபா நிறுவனம் 1983 இல் அறிமுகப்படுத்தியது. இரு கருவிகளுக்கிடையே மின்தொடர்பு இல்லாதிருப்பதே இதன் தனிச்சிறப்பு ஆகும். தொலைக்காட்சி அல்லது மேசைக்கணினியுடன் இணைக்கும்போது எழும் 50 ஹெர்ட்சு முரலொலியை இது பெரும்பாலும் நீக்கிவிடும்.

ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினிகளுடன் நேரடியாகப் பொருத்தும் பலகைகளும் உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ2எஸ் இணைப்பின் வழியே இவை இயங்குகின்றன. யூ.எஸ்.பி சுற்று தேவைப்படாமையால் இவற்றின் விலை குறைவு.

கடிகாரம்

எண்களை மின்னழுத்தமாக்கும் கணங்களில் நேரும் சிறு பிறழ்வு காலத் தடுமாற்றம் எனப்படும். யூ.எஸ்.பி வழியாக வரும்போது, மாற்றியின் சொந்தக் கடிகாரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒத்தியங்கா முறை இச்சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்டது. 1998 இல் பெஞ்சமின், கேனன் ஆகியோர் நடத்திய சோதனையில், மிகவும் ஏதுவான சூழலிலும் தனிச்சுரங்களில் இது புலப்படுவதற்கு 10 நானோநொடி அளவு தேவைப்பட்டது. 2005 இல் ஜப்பானில் அசிகாரா குழுவினர் இசையைக் கொண்டு நடத்திய சோதனையில், கேட்போர் கண்டறிய நூற்றுக்கணக்கான நானோநொடிகள் வேண்டியிருந்தன. இன்றைய எளிய மாற்றிகளிலும் இத்தடுமாற்றம் ஒரு நானோநொடிக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். ஆகவே விலையுயர்ந்த கடிகாரத்துக்குப் பணம் செலவிடுவது பெரும்பாலும் தேவையற்றது ஆகும்.

மின்வழங்கி

சிக்கனமான மாற்றிகளின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்வது மின்வழங்கியே ஆகும். கணினியின் யூ.எஸ்.பி வழியே வரும் 5 வோல்ட்டில் கணினியின் இரைச்சல் கலந்திருக்கும். நல்ல சுற்றில் இது தாழிரைச்சல் மின்னழுத்தச் சீராக்கிகளால் களையப்படும். எண்ணிமப் பகுதிக்கும் ஒப்புமைப் பகுதிக்கும் தனித்தனிச் சீராக்கிகள் இருத்தல் நன்று. சீராக்கிகளின் விலை குறைவு. அவற்றைச் சில்லுக்கு அருகில் முறையாக அமைப்பதே திறன் வேண்டும் பணி ஆகும்.

தனி மின்மாற்றி கொண்ட கருவியாயின், அது பயனரின் நாட்டு மின்னழுத்தத்துக்கு உரியதா என உறுதி செய்ய வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு ஆகும். ஜப்பானில் 100 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் வழக்கில் உள்ளன. அந்நாடுகளுக்கென அமைந்த மின்மாற்றியை 230 வோல்ட்டில் இணைத்தால் கருவி பழுதாகும், தீப்பற்றவும் கூடும்.

வெளியீட்டு நிலை

குறுந்தட்டு இயக்கிகளின் காலம் முதல் 2 வோல்ட் என்பதே வழக்கமான வெளியீடு ஆகும். மிகைப்பியின் உள்ளீட்டு உணர்திறனுக்கு இது பொருந்த வேண்டும். விலை குறைந்த செயல்பாட்டு மிகைப்பியான என்ஈ5532 இப்பணிக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அதனைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்ததைப் பொருத்துவது எப்போதும் மேம்பாடு ஆகாது. வேகமிக்க மிகைப்பிகள் பொருந்தாத சுற்றில் அலைவுற்று, ஒலியைக் கெடுப்பதும் உண்டு.

ஹெட்போனை நேரடியாக இணைக்க விரும்பினால் வெளியீட்டு மின்மறுப்பைக் கேட்டறிதல் வேண்டும். இது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் என்பது மேல் எல்லை ஆகும்.

அளவீடுகளும் செவிப்புலச் சோதனைகளும்

தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சில்லின் விவரத்தாளில் உள்ள எண்களையே தம் கருவியின் எண்களாகக் காட்டுகின்றனர். அவை சில்லு நிறுவனத்தின் சோதனைப் பலகையில் பெறப்பட்டவை. முடிக்கப்பட்ட கருவியை அளந்த எண்களே பொருளுடையவை. அவற்றுள் இரைச்சலும் திரிபும் சேர்ந்த அளவு, அதிர்வெண் சமநிலை, இடவல ஒலிகளுக்கிடையேயான பிரிப்பு, மின்வழங்கி முரலொலி ஆகிய நான்கும் முதன்மையானவை.

இரவில் அமைதியான வீட்டறையிலும் ஏறத்தாழ 30 டெசிபெல் பின்னணி ஒலி இருக்கும். இசையின் உச்சம் 100 டெசிபெல்லை எட்டினாலும் இடையே உள்ள வீச்சு 70 டெசிபெல் ஆகும். எனவே முழுக்கருவியில் 100 டெசிபெல் அளவைப் பெற்ற மாற்றி வீட்டுத் தேவைக்குப் போதுமானது. அதற்கு மேல் 115, 120 என உயரும் எண்கள் பொறியியல் சிறப்பைக் காட்டுவன. கேட்பவருக்கு வேறுபாடு தருவன அல்ல.

2007 இல் மேயர், மோரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவின் ஒலிப்பாதையில் 44.1 கிலோஹெர்ட்சு, 16 பிட் மாற்றம் இடையில் புகுத்தப்பட்டது. 554 தேர்வுகளில் 276 மட்டுமே சரியாக இருந்தன. இது நாணயம் சுண்டுவதற்கு நிகரான விளைவு ஆகும். 2016 இல் ஜோசுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சரியான விடைகள் 52.3 விழுக்காடாக இருந்தன. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உண்மையானது. ஆனால் மிகச் சிறியது. தனித்தயாரிப்பு மாற்றிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை முடிவு செய்ய இவ்விரு முடிவுகளும் உதவுகின்றன.

தெரிவு செய்தல்

முதலில் எழும் வினா, தனி மாற்றி தேவையா என்பதாகும். தற்போதுள்ள கருவியில் இரைச்சலோ முரலொலியோ ஒலிக்குறைவோ இல்லையெனில், அப்பணத்தை ஒலிபெருக்கிக்கோ அறையின் எதிரொலியைக் குறைப்பதற்கோ செலவிடுவது மிகுந்த பயன் தரும். ஒலிபெருக்கிகளிடையே உள்ள வேறுபாடு மாற்றிகளிடையே உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது.

இரண்டாவது, ஒப்பிடுவதற்கான அடிப்படையைக் கொள்வது. 2018 இல் 9 அமெரிக்க டாலர் விலையில் அறிமுகமான ஆப்பிள் நிறுவனத்தின் யூ.எஸ்.பி-சி ஹெட்போன் இணைப்பி ஒரு முழுமையான மாற்றி ஆகும். அதன் அளவீடுகள் குறுந்தட்டின் தேவையை நிறைவு செய்கின்றன. எனினும் வெளியீடு 1 வோல்ட் மட்டுமே. ஐரோப்பியப் பதிப்பில் இதனினும் குறைவு. ஒளியிழை உள்ளீடும் இல்லை. எனவே அதிக விலைக்குக் கட்டப்படும் மாற்றி, 2 வோல்ட் வெளியீடு, பல உள்ளீடுகள், முரலொலி நீக்கம், உறுதியான பெட்டி, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றுள் எதைக் கூடுதலாகத் தருகிறது என்று பார்த்தல் வேண்டும்.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியன பின்வருமாறு:

- முழுக்கருவியின் அளவீடுகள் உண்டா?
- சுற்று வரைபடம் வழங்கப்படுமா?
- தனி இயக்கநிரல் தேவையா?
- வெளியீட்டு மின்னழுத்தம், மின்மறுப்பு எவ்வளவு?
- மின்வழங்கி எந்த நாட்டுக்கு உரியது?
- கருவி நின்றுபோனால் வேறொருவர் பழுதுபார்க்க இயலுமா?

இவற்றுள் சுற்று வரைபடம் பற்றிய வினா மிக முக்கியமானது. 2011 இல், பெயர் வெளியிடாத பொறியாளர் ஒருவர் ஆப்ஜெக்டிவ்2 என்னும் ஹெட்போன் மிகைப்பியின் வரைபடத்தையும் அளவீடுகளையும் பொதுவில் வெளியிட்டார். அதன் துணையாக 2012 இல் ஓடாக் என்னும் மாற்றிப் பலகையும் வந்தது. அதே ஆண்டில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். வரைபடம் பொதுவில் இருந்தமையால் பிறர் அம்மிகைப்பியைத் தொடர்ந்து கட்டிவர முடிந்தது. ஓடாக் பலகையின் முதற்பதிப்பில் ஈஎஸ்9023 சில்லும், பின்வந்த திருத்தப்பதிப்பில் பிசிஎம்5102ஏ சில்லும் இடம்பெற்றன. சில்லு வேறாயினும் கருவியின் பயன் மாறவில்லை.

தட்டுப்பாடும் போலிகளும்

சில்லின் பெயரை மட்டும் நம்புவதன் இடர் 2020 அக்டோபரில் வெளிப்பட்டது. ஜப்பானின் நோபியோக்கா நகரில் இருந்த அசாகி கசெய் மைக்ரோடிவைசஸ் நிறுவனத்தின் ஆலை தீக்கிரையானது. உலகெங்கும் ஒலிக்கருவிகளில் பயன்பட்டுவந்த அந்நிறுவனச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல தயாரிப்பாளர்கள் வேறு சில்லுகளைக் கொண்டு தம் கருவிகளை மறுவடிவமைத்தனர்.

உற்பத்தி நின்றுபோன பிலிப்ஸ் டிடிஏ1541ஏ, டிடிஏ1543 போன்ற பழைய சில்லுகளுக்கு ஆர்வலரிடையே தேவை நீடிக்கிறது. டிடிஏ1541ஏ சில்லின் கிரீடக் குறியிட்ட தெரிவுப் பதிப்புகள் மிகுந்த விலைக்கு விற்கப்படுவதால், சாதாரணச் சில்லின் மேற்புறத்தைத் தேய்த்துப் புதுக்குறி இடும் மோசடியும் நிகழ்கிறது. எழுத்துகளின் கூர்மை, மேற்பரப்பின் தேய்மானம், கால்களில் உள்ள பழைய ஈயப்பற்று ஆகியவற்றைக் கவனிப்பது ஓரளவு உதவும். ஆயினும் பழைய சில்லைச் சார்ந்த கருவிக்கு மாற்றுச் சில்லு கிடைப்பது அரிது என்பதைத் தெரிவின்போதே கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

பாதுகாப்பு

வீட்டு மின்சாரத்தை நேரடியாக ஏற்கும் கருவியில் ஒலித்தரத்துக்கு முன் உயிர்ப்பாதுகாப்பு ஆராயப்பட வேண்டும். உலோகப் பெட்டியாயின் அது மூன்று முனைச் செருகியின் நிலத்தொடுப்பு முனையுடன் உறுதியாக இணைக்கப்பட்டிருத்தல் கட்டாயம். செருகியை மின்துளையிலிருந்து எடுத்துவிட்டு, பன்மானியைக் கொண்டு நிலத்தொடுப்பு முனைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள மின்தடையை அளக்கலாம். அது ஓர் ஓமுக்கும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். உருகி, மின்கம்பியை இறுகப் பற்றும் பிடிப்பான், வெறுமுனைகளுக்கு உறை ஆகியனவும் தேவை.

முரலொலியை நீக்குவதற்காக நிலத்தொடுப்புக் கம்பியைத் துண்டிக்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது மிகவும் ஆபத்தானது. மின்மாற்றியின் காப்பு பழுதானால் பெட்டியும், அதனோடு இணைந்த மிகைப்பியும் 230 வோல்ட்டைச் சுமக்கும். தொடுபவர் உயிரிழக்க நேரிடும். ஒளியிழை இணைப்பு அல்லது யூ.எஸ்.பி தனிமைப்படுத்தியே இதற்கு முறையான தீர்வு ஆகும். பரவலாகக் கிடைக்கும் ஏடியுஎம்4160 சில்லைக் கொண்ட தனிமைப்படுத்தி நொடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு உரியது. ஆதலால் யூ.எஸ்.பி ஒலித்தரத்தின் முதற்பதிப்புக் கருவிகளுக்கே அது பொருந்தும்.

மின்பணியில் பழக்கமில்லாதோர், சான்றிதழ் பெற்ற 5 அல்லது 12 வோல்ட் மின்னேற்பியால் இயங்கும் மாற்றியைத் தெரிவு செய்தல் நன்று. பெட்டிக்குள் உயர் மின்னழுத்தம் நுழையாமையால் இடர் பெரிதும் குறைகிறது. மின்மாற்றிக்கான செலவும் மிஞ்சுகிறது.

வீட்டில் ஒப்பிடுதல்

இரு மாற்றிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துதல் இன்றியமையாதது. 2 வோல்ட் தரும் மாற்றிக்கும் 2.5 வோல்ட் தரும் மாற்றிக்கும் இடையே ஏறத்தாழ 2 டெசிபெல் வேறுபாடு உண்டு. சற்று உரத்து ஒலிப்பதைச் செவி தெளிவானதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே 1 கிலோஹெர்ட்சுத் தனிச்சுரத்தை ஒலிக்கவிட்டு, வெளியீடுகளை மின்னழுத்தமானியால் அளந்து 0.1 டெசிபெல்லுக்குள், அதாவது ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்குள், ஒன்றாக்க வேண்டும். பன்மானிகள் பல 1 கிலோஹெர்ட்சில் சரியாக அளப்பதில்லை; அத்தகையவற்றுக்கு 50 ஹெர்ட்சுச் சுரம் ஏற்றது.

அதன்பின் எது ஒலிக்கிறது என்று கேட்பவர் அறியாதவாறு மற்றொருவர் மாற்றித் தர வேண்டும். 16 முறைகளில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட முறை சரியாகக் கூறினால், அது தற்செயலாக நிகழ்வதற்கான வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு ஆகும். அவ்வாறு கூற இயலாவிடில் இரண்டனுள் விலை குறைந்ததையும், பழுதுபார்க்க எளியதையும் வைத்துக்கொள்வதே பொருத்தமான முடிவு ஆகும். திருப்பித்தர அனுமதிக்கும் தயாரிப்பாளரிடம் வாங்கினால் இச்சோதனையைப் பணம் இழக்காமல் செய்ய இயலும்.